வெளியே நிற்கும் கார்களும் கடைக்குள் நின்ற நானும்

மனிதர் போர்த்துக்கொள்ள விற்கும் கடைகள் மொன்றியலில் தெருவுக்குத் தெரு உண்டு. கார்கள் போர்த்துக்கொள்ள விற்கும் கடையில் நிற்பது என் தொழில். முன் கண்ணாடியை மூடும் போர்வை, உறைபனி சுரண்டும் சுரண்டி, மைனஸ் நாற்பதிலும் உறையாத, கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீர், பூட்டுத் துவாரத்துப் பனியை உருக்க விடும் சின்னக் குப்பி, கதவு உறைந்து ஒட்டாமல் ரப்பருக்குப் பூசும் சிலிக்கோன், பற்றரிக்கு ஒரு சட்டை. இவ்வளவும் யாருக்கு? காரைத் தெருவில் விட்டுவிட்டு, தான் மட்டும் வீட்டுக்குள் போய்ப் போர்த்துக்கொண்டு படுக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு. நிலத்துக்குக் கீழே கார் நிறுத்த இடம் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் எழுந்து போகலாம், கோபமில்லை. மற்றவர்கள், அதாவது காலையில் வங்கி அட்டையால் கண்ணாடியைச் சுரண்டி அட்டையையும் உடைத்துக்கொண்டவர்கள், கிட்ட வாருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

தெருவில்தான் நிறுத்துகிறேன்

இந்தக் கடைக்கு வருமுன் ஒன்பது வருடம் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் இருந்தேன். அதில் ஆறு வருடம் குளிரறை. தட்டுகளை அடுக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, கதவைத் திறந்து, கதவைச் சாத்தி, திரும்பவும் தட்டுகள். கடைசியில் வலது தோள் போய்விட்டது. இனிமேல் பாரம் தூக்கினால் அந்தக் கை தலைக்கு மேலே போகாது என்று டாக்டர் சொன்னார். தலை வாரவாவது கை வேண்டுமே என்று வேலையை விட்டேன். ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் பாரம் தூக்குவாயா என்றுதான் முதல் கேள்வி. குளிரறைக்குத் திரும்பிப் போவதை நினைத்தாலே தோள் தானாக வலிக்கும்.

அப்போதுதான் பார்க் எக்ஸ்டென்ஷன் ஓரத்தில் ஒரு கார்ச் சாமான் கடையில் தமிழ் பேசத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். கல்லாவுக்குப் பின்னால் நின்று விற்கிற வேலை. காலடியில் ஒரு ஹீட்டர் வேறு. முதலாளி மொசியே கஸ்தோன், அதாவது கஸ்தோன் ஐயா, அறுபத்தெட்டு வயதுக்காரர். என் விண்ணப்பத்தை மூக்கில் முட்டுகிற அளவுக்குப் பிடித்து வாசித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி: குளிர்காலத்தில் உன் காரை எங்கே நிறுத்துகிறாய்? எனக்குக் கார் இல்லை. லைசன்ஸும் இல்லை. என் கணவர் சிவத்துக்கும் இல்லை. நாங்கள் மெற்றோவும் பஸ்ஸும். ஆனால் காலடியில் அந்த ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. "தெருவில்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் தலையாட்டினார். மூன்று மாதம் பார்ப்பேன், சரியென்றால் நிரந்தரம் என்றார். எழுந்து வந்தபோது பின்னாலிருந்து இன்னொன்றும் சொன்னார். அவர் பேசுவது பிரெஞ்சு. நான் நம்முடைய பேச்சில் எழுதுகிறேன். "பிழை விட்டா வந்து சொல்லு, திருத்தலாம். உனக்கு முந்தி நிண்டவன் தெரியாததைத் தெரியும் எண்டு பொய் சொன்னவன், அவனை ரெண்டாம் மாசமே அனுப்பிட்டன்."

கையைத் தூக்கிய கார்கள்

கடையில் மூன்றாவது ஆள் ஃபிரிட்ஸ். ஹெய்ட்டிக்காரர், பன்னிரண்டு வருடமாக அங்கே பற்றரி மாற்றுகிறவர், வைப்பர் பூட்டுகிறவர். காலையில் நான் வருமுன்பே முதலாளியின் வெள்ளை வேனில் இருவரும் ஒன்றாக வந்துவிடுவார்கள், மாலையில் நான் போன பிறகு ஒன்றாகப் போவார்கள். தொழிலாளியைத் தன் வண்டியில் ஏற்றி இறக்கும் முதலாளியா என்று எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. பொய் சொன்ன குற்ற உணர்ச்சியும் அதே அளவுக்கு ஏறியது.

உறைபனி விழும் இரவுகளில் வைப்பர் இரண்டையும் கண்ணாடியிலிருந்து தூக்கி நிமிர்த்தி விட வேண்டும் என்று ஃபிரிட்ஸ் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு. இல்லாவிட்டால் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், காலையில் அவசரத்தில் சுவிட்சைப் போட்டால் ரப்பர் கிழியும், சில சமயம் மோட்டாரே போய்விடும். அதுவரை தெருவில் அப்படி நிற்கும் கார்களைப் பார்த்து, யாரோ வேலையற்றவர்கள் செய்கிற குறும்பு என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்பதரைக்கு ஒரு இளைஞர் வந்தார். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து இரண்டு மாதம், கார் வாங்கி இரண்டு வாரம், கிழிந்த வைப்பர் ஒன்று கையில். அரை மணி நேர வயதுள்ள என் அறிவை, இருபது வருட அனுபவம் போல எடுத்துவிட்டேன். அவர் பவ்வியமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் பாத்தேங்க்கா, எங்க தெருவுல எல்லா காரும் கையைத் தூக்கிட்டு நிக்குது. அது ஏதோ யூனியன்ல சேந்தவங்க மட்டும் செய்யறதுன்னு நெனச்சு நான் தூக்கல."

பல்கனி ஆராய்ச்சி

அன்று மாலையே எனக்குப் பயம் பிடித்தது. எத்தனை நாளைக்கு அரை மணி முந்திய அறிவை வைத்து ஓட்டுவது? கார் இல்லாவிட்டால் என்ன, கண்ணாடி இருக்கிறதே என்று யோசித்தேன். வீட்டில் கேக் வேகவைக்கும் கண்ணாடித் தட்டு நான்கு இருந்தது. சாப்பாடு முடிந்ததும் நான்கையும் மூன்றாம் மாடிப் பல்கனியில் வரிசையாக வைத்தேன். ஒன்றைச் சும்மா விட்டேன். ஒன்றின்மேல் கடையில் வாங்கிய கண்ணாடிப் போர்வையைக் கத்தரித்துப் போட்டேன். ஒன்றுக்கு, எல்லாரும் சொல்கிறார்களே என்று வினாகிரியும் தண்ணீரும் கலந்து பூசினேன். நாலாவதுக்கு, தலை துவட்டும் ஒரு பழைய துவாய்.

விடிய ஐந்தரைக்கு எழும்பிப் போய்ப் பார்த்தேன். சும்மா விட்ட தட்டில் தூய வெள்ளையாக உறைபனி. போர்வை போட்டது பளிச்சென்று இருந்தது. வினாகிரித் தட்டில் பனி கொஞ்சம் மெல்லிசு, ஆனால் ஊறுகாய் மணம். துவாய் தட்டோடு ஒட்டிப் பலகையாகிவிட்டது. இழுத்தால் தட்டும் சேர்ந்து வந்தது. ஈரம் உறிஞ்சுகிற எதையும் கண்ணாடியில் போடக்கூடாது என்பதை அந்தக் காலையில்தான் படித்தேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு இரவு ஆராய்ச்சி நடந்தது. ஒரு நாள் கண்ணாடிப் போர்வையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன், காற்று புகுந்து பாதித் தட்டு வெளுத்தது. மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், போர்வையின் இரண்டு காதையும் கதவுக்குள் விட்டு இறுக்கிச் சாத்துங்கள் என்று அடித்துச் சொன்னேன். சனங்கள் திரும்பி வந்து நன்றி சொன்னார்கள். எனக்குச் சந்தோசம் பாதி, பயம் பாதி.

சிவம் அதிகாலையில் பேக்கரி வேலைக்குப் புறப்படுகிறவர். ஒரு நாள் தேநீரோடு வந்து பல்கனிக் கதவடியில் நின்று, குந்தியிருந்து தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாங்கள் இருவரும் மட்டக்களப்பு, கோபமென்றாலும் பகிடியென்றாலும் எங்களுக்கு ஒரே குரல்தான். அவர் சொன்னார்: "என்னகா இது, காரே இல்லாத ஊட்டில காருக்குக் கசாயம் காய்ச்சிற. அந்த மனிசனுக்கிட்ட உண்மையைச் சொல்லிப் போட்டு மறுகா நிம்மதியா நித்திரை கொள்ளன்."

தேங்காயெண்ணெய்

சொல்லத்தான் நினைத்தேன். டிசம்பரில் ஒரு நாள் சொல்லியே விடுவது என்று மனதைத் தயார் செய்துகொண்டு போனேன். அன்றுதான் கணேஸ் அண்ணை உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அச்சகம் ஒன்றில் வேலை, ரிமோட் செத்து இரண்டு வருடமான பழைய கார். அதற்கு முந்திய வாரம் கதவு ரப்பருக்குப் பூச சிலிக்கோன் கேட்டிருந்தார். கையிருப்பு முடிந்திருந்தது. வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், இப்போதைக்கு வீட்டில் இருக்கிற எண்ணெய் ஏதாவது கொஞ்சம் தடவுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

நம்முடைய ஆட்களிடம் வீட்டில் இருக்கிற எண்ணெய் என்றால் எந்தப் போத்தல் முதலில் கைக்கு வரும்? அண்ணை தேங்காயெண்ணெயை எடுத்திருக்கிறார். அது குளியலறையில் கட்டியாக இருந்ததாம். சுடுதண்ணீருக்குள் போத்தலை வைத்து உருக்கி, நான்கு கதவு ரப்பருக்கும் தாராளமாகத் தடவி, மிச்சத்தை வீணாக்குவானேன் என்று சாவித் துவாரத்துக்குள்ளும் விட்டிருக்கிறார். வீட்டுக்குள்ளேயே உறைகிற எண்ணெய் வெளியே என்ன செய்யும் என்று அவரும் யோசிக்கவில்லை, சொன்ன நானும் யோசிக்கவில்லை. என் வீட்டிலும் அதே போத்தலை ஹீட்டர் மேல்தான் வைத்திருக்கிறேன். மறுநாள் ஒரு கல்யாணம். மனைவி பட்டுச் சேலையோடு வாசலில் நிற்க, சாவி துவாரத்துக்குள் போகவே இல்லை. ரப்பரெல்லாம் வெள்ளை மெழுகு. கடைசியில் எண்ணெய் படாத ஒரே கதவான டிக்கியைத் திறந்து, அண்ணை வேட்டியோடு அதற்குள்ளால் ஊர்ந்து, பின் இருக்கையைச் சாய்த்து, முன்னுக்கு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் படம் எடுத்தாராம்.

அவர் இதைத் தமிழில் விவரிக்க, மொசியே கஸ்தோன் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். பிழை விட்டால் வந்து சொல் என்றிருந்தாரே, சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவர் வேட்டி என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கண்ணீர் வரச் சிரித்தார். தானே போய் ஒரு பூட்டுக் குப்பியை எடுத்து அண்ணையிடம் இலவசமாகக் கொடுத்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் இவ்வளவு நல்ல மனிசனுக்கு அந்த மற்ற விஷயத்தையும் அதே மூச்சில் சொல்ல வாய் வரவில்லை. அண்ணை குப்பியை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "நான் உன்னைக் குறை சொல்லேல்லத் தங்கச்சி. ஐம்பது வருசமாத் தலையில வைக்கிற எண்ணெய், அது எனக்கு இப்பிடிச் செய்யும் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்ல."

கண்ணாடிக்கு உள்ளே பனி

உறைபனி வெளியே பிடித்தால் சுரண்டலாம். உள்ளே பிடித்தால்? ஜனவரியில் தேவி என்ற பெண், என்னிடம் வாங்கிய போர்வையைச் சுருட்டிக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். திருகோணமலைக்காரி, வீட்டில் இடியப்பமும் சொதியும் செய்து கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். போர்வை வெளிப்பக்கத்தைக் காப்பாற்றியது, ஆனால் ஒவ்வொரு காலையும் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, சுரண்டினால் மடியில் கொட்டுகிறது, போர்வை கூடாது என்றார். ஃபிரிட்ஸ் ஹீட்டர் பழுது என்றார். முதலாளி எங்கோ ஒழுகுகிறது என்றார்.

எனக்குக் கார் தெரியாது. ஆனால் குளிரறை தெரியும். சூடான தட்டுகளை மூடாமல் உள்ளே கொண்டுபோனால் மேலே கூரையில் பனி கட்டும், மேற்பார்வையாளர் கத்துவார். ஆகவே காரைப் பற்றி ஒன்றும் கேட்காமல், இடியப்பத்தைப் பற்றிக் கேட்டேன். எத்தனை பெட்டி? எவ்வளவு சூட்டோடு ஏற்றுகிறீர்கள்? மாலையில் மிச்சம் வருவதை எங்கே வைக்கிறீர்கள்? காருக்குள்தான், வெளியே குளிர்தானே, பிரிட்ஜுக்குப் பதிலாகக் காரிலேயே விட்டுவிடுகிறேன் என்றார். காலோடு ஏறும் சப்பாத்துப் பனி உருகிக் கால்விரிப்பும் நனைந்து கிடக்கிறதாம். அவ்வளவு ஆவியும் வேறெங்கே போகும்? மிச்சத்தை வீட்டுக்குள் எடுங்கள், கால்விரிப்பை உதறிக் காயப் போடுங்கள், காரை விட்டு இறங்குமுன் நான்கு கதவையும் இரண்டு நிமிடம் திறந்து விடுங்கள் என்றேன்.

மொசியே கஸ்தோன் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேவி போன பிறகு, பார்க் எக்ஸ்டென்ஷனிலேயே சுத்தமான கார் உன்னுடையதாகத்தான் இருக்கும், ஒரு நாள் கொண்டுவா பார்க்கலாம் என்றார். வீட்டுக்காரர் வேலைக்குக் கொண்டுபோகிறார் என்று சொல்லிவிட்டேன். பொய் குட்டி போட்டுவிட்டது. மூன்று மாதம் முடிய இன்னும் பத்து நாள். மாட்டினால் ஃபிரிட்ஸ் சிரிப்பார், முதலாளி முகம் தொங்கும், நான் டோர்வல் பஸ்ஸில் குளிரறைக்கு. அடுத்த வாரம் தேவி ஒரு பொட்டலத்தோடு வந்தார். நல்ல செய்தியைக் கூடக் குறையாகச் சொல்வது அவர் பழக்கம்: "கண்ணாடி இப்பச் சோக்கா இருக்குதக்கா. ஆனா முந்தி மாதிரிக் காருக்குள்ள சொதி வாசம் இல்ல எண்டு மனுசன் ஒரு மாதிரி இருக்கிறார்."

சுரண்டக் கூடாத பனி

அந்த வாரமே இன்னொருவர், புதுக் கார் வாங்கிய கையோடு கோயிலுக்குக் கொண்டுபோய் வாகன பூசை செய்துவிட்டு நேரே எங்கள் கடைக்கு வந்தார். வந்தார் என்பதைவிட ஊர்ந்து வந்தார் என்பது சரி. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித்தான் ஓட்டி வந்திருக்கிறார். மைனஸ் இருபத்திரண்டு. ஐயர் மந்திரம் சொல்லி, கும்பத்துத் தண்ணீரை மாவிலையால் முன் கண்ணாடியில் மூன்று தரம் நன்றாகத் தெளித்திருக்கிறார். தெளித்த தண்ணீர் கீழே வழியவே இல்லை. சந்தனப் பொட்டு, குங்குமம், இரண்டு மல்லிகை எல்லாம் அப்படியே கண்ணாடிக்குள் பதித்த மாதிரி உறைந்து நிற்கின்றன.

ஃபிரிட்ஸ் சுரண்டியைத் தூக்கிக்கொண்டு போக, அந்த மனிதர் குறுக்கே நின்று கையை விரித்துத் தடுத்தார். கும்பத் தண்ணீரைச் சுரண்டித் தெருவில் தள்ளுவதா, புதுக் காருக்கு முதல் நாளே அபசகுனமா என்று அவருக்குப் பதற்றம். நீலத் தண்ணீர் அடிக்கவும் விடவில்லை, அது சாமி தண்ணீரோடு கலக்குமாம். ஃபிரிட்ஸ் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: என்ஜினைப் போட்டு, ஹீட்டரைக் கண்ணாடிக்குத் திருப்பி, கால்மணி நேரம் எங்கள் கடைக்குள் வந்து இருங்கள். அதுவாக உருகட்டும், நாம் யாரும் கை வைக்க வேண்டாம். அப்படியே உருகியது. சந்தனம் கலந்த தண்ணீர் அழகாகக் கோடு போட்டு வழிந்தது. அவர் ஓடிப்போய் அதில் விரலை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். போகும்போது, பெரிய சந்தேகம் ஒன்று தீர்ந்த முகத்தோடு சொன்னார்: "விளங்குது அக்கா, சுரண்டினால் குற்றம், உருகினால் தீர்த்தம்."

முதலாளியின் வேன்

மூன்று மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. அன்று காலை ஃபிரிட்ஸுக்குப் பல்வலி. முதலாளியோடு வேனில் வந்து இறங்கியவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மெற்றோவில் பல் டாக்டரிடம் போய்விட்டார். அன்று தெருவில் எங்கள் பக்கத்துப் பனியை மாநகராட்சி அள்ளும் நாள். பத்து மணிக்குப் பிறகு இங்கே நிறுத்தாதே என்று செம்மஞ்சள் அறிவிப்பு நட்டிருந்தார்கள். பத்து மணிக்குள் வந்து வேனை எடுத்துவிடுகிறேன் என்று ஃபிரிட்ஸ் சொல்லியிருந்தார். பத்து மணியும் கடந்து, பத்தரையும் ஆகிவிட்டது. தெருமுனையில் இழுவை வண்டியின் சங்கு கேட்டது. அந்தச் சத்தம் வந்தால் ஐந்து நிமிடம், அதற்குப் பிறகு கார் இருந்த இடத்தில் கார் இருக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

கடையில் நானும், முதலாளியும், வைப்பர் வாங்க வந்த ஒரு பஞ்சாபி டாக்ஸிக்காரரும். மொசியே கஸ்தோன் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். "ரஜனி, வேனை எதிர்ப்பக்கம் விட்டிட்டு வா" என்றார். நான் சாவியை எடுத்தேன். மேலங்கியைப் போட்டேன். ஒரு சுரண்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். காலையில் பெய்த ஈரப்பனி வேனின் கண்ணாடியில் உறைந்திருந்தது. ஓட்டத் தெரியாது, சுரண்டலாமே.

நம்புங்கள், மூன்று மாதத்தில் இருநூறு சுரண்டியாவது விற்றிருப்பேன். ஒரு உண்மையான காரில் நான் சுரண்டியது அதுதான் முதல் தரம். வலது தோள் உதவாது, இடது கையால் மேலிருந்து கீழே இழுத்தேன். பனி நீள நீளமாக உரிந்து விழுந்தது. தட்டில் சுரண்டுவதைப் போல இல்லை, இதில் ஒரு வீரம் இருந்தது. முன் கண்ணாடி முடிந்தது. பக்கக் கண்ணாடிகள் முடிந்தன. விளக்குகளையும் துடைத்தேன். வைப்பரை மெல்லத் தூக்கித் தட்டி மெல்ல வைத்தேன். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. சங்கு இரண்டு கடை தள்ளி வந்துவிட்டது. வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்து இமையிலேயே உறைந்தது.

முதலாளி மேலங்கி கூட இல்லாமல் வெளியே வந்தார். ஏன் நிற்கிறாய், எடு என்றார். எனக்கு ஓட்டத் தெரியாது, கார் இல்லை, லைசன்ஸ் இல்லை, அன்றைக்குச் சொன்னது பொய் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொன்னதும் தோளிலிருந்து ஆறு வருடத் தட்டுகளையும் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வேலை போனாலும் போகட்டும், இன்றிரவு நித்திரை வரும் என்று நினைத்தேன். அவர் தெருவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே, தனக்குக் கண் பார்வை மங்கி லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்து நாலு வருடம் என்றார். கார்ச் சாமான் விற்கிறவன் கார் ஓட்டுவதில்லை என்றால் யார் வாங்குவார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லையாம். வேனை ஓட்டுவது ஃபிரிட்ஸ். இவ்வளவு நாளும் நான் மரியாதை வைத்தது தப்பான ஆள்மேல்.

இருவரும் அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் சிரித்தது அவரா நானா தெரியாது. டாக்ஸிக்காரர்தான் கடைக்குள்ளிருந்து ஓடிவந்து சாவியைப் பறித்து, இழுவை வண்டி முன்னால் வந்து நிற்க வேனை எடுத்து எதிர்ப்பக்கம் போட்டார். கண்ணாடி சுத்தமாக இருந்தபடியால்தான் உடனே எடுக்க முடிந்தது என்று அவரே சொன்னார், நான் சொல்லவில்லை. உள்ளே வந்து ஹீட்டரில் கையைக் காட்டியபடி, அப்போ என் வேலை என்று இழுத்தேன். மொசியே கஸ்தோன் மேசை லாச்சிக்குள்ளிருந்து நிரந்தர வேலைக்கான தாளை எடுத்தார். அதில் ஒரு வாரத்துக்கு முந்தியே கையெழுத்துப் போட்டிருந்தார். நான் வாசித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உன்னாலயும் ஓட்ட முடியாது எண்டு ஃபிரிட்ஸுக்கு மட்டும் சொல்லாதே, கடையில தன்னால மட்டும்தான் ஓட்ட முடியும் எண்டு தெரிஞ்சா அவன் பல்லுக்குப் போன நாளையும் வேலை நாள் எண்டு சொல்லிச் சம்பளம் கேப்பான்."

ஆகவே அன்பர்களே, இரவில் காரை வெளியே விடும் நீங்கள் இனிக் கவலையில்லாமல் நித்திரை கொள்ளலாம், உங்கள் கார்களுக்காக விழித்திருக்கும் கடையில் நிற்கும் மூவரில் இருவரால் கார் ஓட்ட முடியாது என்பதைத் தவிர எங்களிடம் வேறு குறை எதுவும் இல்லை.